பத்துக்கு ஒன்று

கோத்தகிரியில் ஆடி மாதம்
தாளுக்கும் சளி பிடிக்கும்.
ராத்திரி நான்கு மூலையிலும் டேப் ஒட்டி
இழுத்துப் படுக்கவைத்த சார்ட்
விடிந்தால் அப்பளம் மாதிரி
நடுவில் உப்பிக் கிடக்கிறது.
அடுப்புச் சூட்டில் காட்டி வழிக்குக் கொண்டுவந்து
கழற்றிப்போட்ட அலமாரிக் கதவின் மேல்
மறுபடி ஒட்டுகிறேன்.

டி-ஸ்கொயர், ஊட்டியில் பழைய கடையில், எழுபது ரூபாய்.
விளிம்பில் ஓரிடம் சில்லுப் போயிருக்கிறது.
நான் போடும் நீளக் கோடெல்லாம்
சரியாக அந்த இடத்தில் ஒருமுறை விக்குகிறது.

மேசைதான் வரைகிறேன்.
ஐந்தடிக்கு இரண்டே முக்காலடி.
மருந்துக்கடையிலிருந்து வந்து, குளித்து, உலை வைத்து,
ஒன்பது மணிக்கு மேல்
டூ-எச் பென்சிலை உப்புத்தாளில் தீட்டிக்கொண்டு உட்காருவேன்.
மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
ஒரே மேசையைப் பார்த்த மூன்று பேர்
தனித்தனியாகச் சாட்சி சொல்வது போல.
மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

முதல் மாதம் ஒத்துப்போகவில்லை.
இழுப்பறைக்கு அகலம் கணக்குப் போட்டபோது
பலகைக்கும் கனம் உண்டென்பதை மறந்திருந்தேன்.
முக்கால் அங்குலம், இரண்டு பக்கமும்.
அந்த ஒன்றரை அங்குலம் எங்கே போயிற்று என்று
கல்லாவில் பணம் குறைந்தவள் மாதிரி
இரண்டு ராத்திரி தேடினேன்.
கிடைத்ததும் அழித்தேன். அஞ்சு ரூபாய் ரப்பர்.
இதையே போஜன் மரவாடியின் சில்வர் ஓக் பலகையில்
செய்திருந்தால் என்று நினைத்துப் பார்த்து
தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

கதிர்காமன் மேட்டுப்பாளையம் கடைசி வண்டியை
டிப்போவில் விட்டுவிட்டு வந்தார்.
குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு. வாசல்ல நுழையுமா?"

கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வாசலை வரைந்தேன். முப்பத்திரண்டு அங்குலம்,
அதிலும் தாழ்ப்பாள் துருத்திக்கொண்டு.
சாய்த்தால் நுழையும்.
வாசலுக்கு வெளியே பரிமளத்தின் தண்ணீர்த் தொட்டி.
அதையும் வரைந்தேன். அங்கே திரும்பாது.
தொட்டிக்கு அப்பால் படிகள்.
ரோடு வரைக்கும் அறுபத்தொன்று,
ஒன்று மாதிரி ஒன்று இல்லை.
ஞாயிற்றுக்கிழமை மூடுபனியில் டேப்போடு ஏறி
ஒவ்வொன்றாக அளந்தேன்.
சர்ச்சுக்கு ஏறுகிறவர்கள் ஒதுங்கி நின்று
"வீட்ட விக்கிறாங்களா?" என்றார்கள்.

தாள் போதவில்லை.
இன்னொன்று ஒட்டினேன். அப்புறம் இன்னொன்று.
மேலிருந்து பார்த்தால் அறுபத்தொரு படியும்
கட்டுரை நோட்டின் கோடுகள்,
மூச்சே வாங்காது.
பக்கவாட்டில் வரைந்தபோதுதான்
மலை வந்து காகிதத்தில் உட்கார்ந்தது,
அதன் காலடியில் என் மேசை
ஒரு சோப்பு டப்பா.

முழு மேசையாய் அது இந்த வீட்டுக்குள் வராது.
உள்ளேயே வைத்துச் செய்தால் வெளியே போகாது.
நாங்களோ வாடகைக்கு இருக்கிறவர்கள்.
பதினோரு வருஷத்தில் நாலு வீடு.

அதனால் ஆணி இல்லை, பசை இல்லை.
குறுக்குக் கட்டையின் கழுந்து காலைத் துளைத்து
அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.
அங்கே ஓர் ஆப்பு.
மேலே தட்டினால் இறுகும்,
அடியில் தட்டினால் கழலும்.
பார்வைக்கு மறைந்ததை
விட்டுவிட்டுப் போடும் கோட்டால் காட்ட வேண்டுமாம்.
மரத்துக்குள் போய்விட்ட கழுந்தை
அப்படித்தான் போட்டேன்.
மூன்று மில்லி கோடு, ஒரு மில்லி வெறுமை,
மூன்று மில்லி கோடு.

பத்துக்கு ஒன்று அளவில்
ஆப்பு ஓர் அரிசி நீளம்.
எட்டு அரிசி வரைந்து முடிக்கையில் மணி பதினொன்றரை.
மேல்பலகையின் நீளக் கோடு மட்டும் பாக்கி.
ஸ்கொயரைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்
விக்கல் தாளைத் தாண்டி விழும், அது பழகிவிட்டது.
தள்ளி வைத்து இழுத்தேன்.
ஈரத்தில் தாள் எழும்பி
கோடு வேறோர் இடத்தில் விக்கியது.

இருக்கட்டும்.
போஜனிடம் பலகைக்குச் சொல்லியாயிற்று,
தனித்தனியாய், படியில் ஓர் ஆள்
மாற்றுத் தோள் இல்லாமல் தூக்குகிற கனத்தில்.